‘மோவானா’ படம் முடிந்ததும் என்னிடம் கேட்டவை: கடல், முன்னோர், மாவுயி

மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் குடியிருப்பு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைக் கொடிக்கயிற்றில் கட்டி, இரவல் புரொஜெக்டரில் பிள்ளைகளுக்குப் படம் போடுகிறோம். 2016-ல் வந்த டிஸ்னியின் கார்ட்டூன் படம் ‘மோவானா’வை மட்டும் மூன்று தடவை போட்டாகிவிட்டது. பாயைச் சுருட்டும் நேரத்தில் பெரியவர்கள் ஒரு பக்கம், பொடிசுகள் ஒரு பக்கம் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் அரைகுறையாகச் சொல்லிச் சமாளித்ததில் எனக்கே வெட்கமாகி, தேடிப் படித்து, சேர்த்து எழுதிவிட்டேன். கேட்டவர்கள் பேசிய மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். கதையின் முடிவும் கீழே வருகிறது. படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் பாதியிலதான் வந்தேன். கதை என்ன?

மோட்டுநூயி என்ற தீவின் தலைவர் மகள் மோவானா. ஆயிரம் வருஷத்துக்கு முன் மாவுயி என்ற பாதித் தெய்வம், உயிர்களையெல்லாம் படைத்த தெ ஃபிட்டியின் பச்சைக்கல் இதயத்தைத் திருடிவிட்டான். அன்று கிளம்பிய கருமை தீவு தீவாகப் பரவி மோட்டுநூயிக்கும் வந்துவிட்டது. உடைத்த தேங்காயில் உள்ளே கரி. வலையில் மீன் இல்லை. ஆனாலும் பவளப்பாறையைத் தாண்டி யாரும் போகக்கூடாது என்பது அப்பா தூயியின் கட்டளை.

பாட்டி தாலா ஒளித்துவைத்த குகைக்குப் பேத்தியை அனுப்பி, உள்ளே நிற்கும் பெரிய பெரிய கப்பல்களைப் பார்க்க வைக்கிறாள். தன் முன்னோர்கள் கடலோடிகள் என்று அங்கேதான் மோவானாவுக்குத் தெரிகிறது. மாவுயியைத் தேடிப் பிடித்து, இதயத்தைத் திருப்பி வைக்கக் கிளம்புகிறாள். வழியில் தெ கா என்ற எரிமலை அரக்கி மறிக்கிறாள். அந்த அரக்கி வேறு யாருமில்லை, இதயம் பறிபோன தெ ஃபிட்டியேதான் என்பது கடைசியில் தெரியவருகிறது.

இது எந்த ஊர்? ஆப்பிரிக்காவா?

பசிபிக் பெருங்கடல். வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூசிலாந்து, தென்கிழக்கே ஈஸ்டர் தீவு என்று மூன்று புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் வரும் முக்கோணம்தான் பாலினீசியா. சமோவா, தொங்கா, தஹிதி எல்லாம் அதற்குள் அடக்கம். படத்தில் வரும் மோட்டுநூயி கற்பனைத் தீவு. ‘பெரிய தீவு’ என்று பொருள், அவ்வளவுதான். ‘மோவானா’ என்றால் அந்த மொழிகளில் கடல்.

இவர்களுடைய மூதாதையர் தைவான் பக்கமிருந்து பிலிப்பைன்ஸ் வழியாகப் பல தலைமுறைகளாகக் கிழக்கே நகர்ந்து வந்தவர்கள். மலேசியாவில் இருந்து வந்திருந்த ஒரு அத்தை படத்துக்கு நடுவிலேயே இதைப் பிடித்துவிட்டார். மலாயில் ஐந்துக்கு ‘லிமா’, சமோவாவிலும் ‘லிமா’. கண்ணுக்கு ‘மாத்தா’, அங்கேயும் ‘மாத்தா’. மலாயில் மீன் ‘இக்கான்’, நியூசிலாந்துப் பழங்குடிகளின் மாவோரி மொழியில் ‘இக்கா’. எல்லாம் ஒரே மொழிக் குடும்பம்.

மாவுயி நிஜமாவே அவங்க சாமியா, இல்ல டிஸ்னி விட்ட கதையா?

நிஜம். ஆனால் கோயில் கட்டிப் பொங்கல் வைக்கிற மாதிரியான சாமி இல்லை. குறும்புக்காரன், ஏமாற்றுக்காரன், அதே நேரத்தில் மனிதர்களுக்கு நல்லது செய்தவன். தீவுக்குத் தீவு கதை மாறும். தூண்டில் போட்டுத் தீவைக் கடலுக்கடியிலிருந்து இழுத்தது, சூரியனைக் கயிறு போட்டுப் பிடித்துப் பகலை நீட்டியது, நெருப்பைக் கொண்டுவந்தது: இந்த மூன்றும் பல இடங்களில் உண்டு. நியூசிலாந்தின் வடதீவுக்கு மாவோரி மொழியில் இன்றைக்கும் ‘மாவுயியின் மீன்’ என்றுதான் பெயர். அவன் தூண்டில் முள் பாட்டியின் தாடை எலும்பு என்பது மாவோரிக் கதை. சூரியனைப் பிடித்த இடம் ஹவாயில் ஹாலேயாகலா மலை. அந்தப் பெயருக்குச் சூரியனின் வீடு என்று அர்த்தம்.

படத்தில் பாட்டி வானத்தில் ஒரு தூண்டில் முள்ளைக் காட்டி, அதைப் பிடித்துப் போனால் மாவுயி கிடைப்பான் என்கிறாள் அல்லவா? அது நமக்கு ரொம்பவும் பழக்கமான ஆள். விருச்சிகம். நாம் தேள் என்று பார்ப்பதை அவர்கள் முள் என்று பார்க்கிறார்கள். நம்முடைய அனுஷம், கேட்டை, மூலம் மூன்று நட்சத்திரமும் அந்தத் தூண்டிலுக்குள்தான் இருக்கின்றன. ஜாதகம் பார்க்கிற வீட்டுக்காரர்களிடம் இதைச் சொன்னால் ஒரு நிமிஷம் பேச்சு நின்றுவிடும்.

அங்கிள், மாவுயிக்கு சாவே கிடையாதா?

உண்டு. படத்தில் இல்லை, மாவோரிக் கதையில் இருக்கிறது. மனிதர்களுக்குச் சாவே இல்லாமல் செய்துவிடலாம் என்று மாவுயி கிளம்பினான். இருளின் தாய் ஹினே-நுயி-தே-போ தூங்கும்போது அவள் உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிட்டால் சாவு தோற்றுவிடும் என்பது கணக்கு. கூட வந்த பறவைகளிடம், சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் நுழைந்தான். பாதி உள்ளே, கால் வெளியே ஆடுகிறது. ஒரு குட்டிப் பறவைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாய் விழித்துவிட்டாள், நசுக்கிவிட்டாள். அதனால்தான் நாம் எல்லோரும் சாகிறோம்.

அந்தப் பறவை நம் ஊர்த் தோப்புகளில் வாலை விரித்து விரித்து ஆடும் விசிறிவால் ஈப்பிடிப்பானுக்கு நெருங்கிய சொந்தம். சிரித்ததால் மனித குலத்துக்கே சாவு வந்தது என்ற கதை பிள்ளைகளுக்கு ஏனோ ரொம்பப் பிடிக்கிறது.

அப்போ தெ ஃபிட்டி? நம்ம பூமாதேவி மாதிரியா?

அவளும் தெ காவும் படக்காரர்கள் உண்டாக்கியவர்கள். எந்தத் தீவிலும் இந்தப் பெயரில் தெய்வம் கிடையாது. மாவோரியில் ‘கா’ என்றால் எரிதல். ஹவாயின் எரிமலைத் தெய்வம் பெலேயின் சாயலும் தெ காவிடம் தெரிகிறது. அந்தப் பச்சைக்கல்லைப் பார்த்தால் நியூசிலாந்தின் தென்தீவில் கிடைக்கும் பொவுனாமு நினைவுக்கு வரும். மாவோரிகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றும் கல் அது.

அவர்களுடைய சொந்தப் படைப்புக் கதைகள் இதைவிட அழகு என்பேன். மாவோரிக் கதையில் வானம் அப்பா, பூமி அம்மா. இருவரும் இறுகக் கட்டிக்கொண்டு கிடக்கிறார்கள், நடுவில் இருட்டில் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு. தானே என்ற பிள்ளை மல்லாந்து படுத்து, காலால் உந்தி வானத்தை மேலே தள்ளுகிறான். வெளிச்சம் வருகிறது. மழை அப்பாவின் கண்ணீர், காலையில் எழும் மூடுபனி அம்மாவின் பெருமூச்சு. ஹவாயில் குமுலிப்போ என்று 2,000 வரிகளுக்கு மேல் நீளும் ஒரு மந்திரப் பாட்டு இருக்கிறது. அதில் இருட்டிலிருந்து முதன்முதலில் பிறப்பது பவளப் பூச்சி. மனிதன் வெகு தாமதமாக வருகிறான்.

இன்னிக்கும் அங்க இதையெல்லாம் கும்பிடறாங்களா?

பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். 1797-ல் லண்டன் மிஷனரிகள் தஹிதியில் இறங்கினார்கள், 1830-ல் சமோவாவுக்கு வந்தார்கள். இன்று சமோவாவிலும் தொங்காவிலும் ஞாயிற்றுக்கிழமை என்றால் தேவாலயம்தான். தொங்காவின் அரசியல் சட்டமே அந்த நாளைப் புனித நாள் என்கிறது.

ஆனால் பழைய எண்ணங்கள் போய்விடவில்லை. நியூசிலாந்தின் வாங்கனுயி ஆற்றைத் தங்கள் மூதாதை என்று அந்த ஆற்றங்கரை மாவோரிகள் நூற்றாண்டுக்கு மேல் வாதாடினார்கள். 2017 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்த ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராக ஏற்றுச் சட்டம் இயற்றியது. அதே மாதம் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் நபர்கள் என்றது. சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. ஒரு சினிமா பார்த்துவிட்டு ‘பழங்கால நம்பிக்கை’ என்று சிரிப்பவர்களுக்கு நான் இந்த ஆற்றைத்தான் சொல்வேன்.

பாட்டி செத்துப்போய் திருக்கை மீனா வர்றாங்களே. அது மறுபிறவியா?

இல்லை. பாவ புண்ணியக் கணக்குப்படி அடுத்த ஜென்மம் என்பதல்ல இது. ஹவாயில் ‘அவுமாகுவா’ என்பார்கள். இறந்துபோன முன்னோர் குடும்பத்தைக் காக்கிற தெய்வமாகி, சுறாவாகவோ ஆந்தையாகவோ ஆமையாகவோ வந்து முகம் காட்டுவார்கள். ஒரு குடும்பத்துக்குச் சுறா என்றால் அந்தக் குடும்பம் சுறாவைத் துன்புறுத்தாது. அமாவாசை அன்று காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, ஏன் இன்னும் வரவில்லை, அப்பாவுக்கு என்ன குறை என்று மாடியில் காத்து நிற்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தாலாவின் முதுகில் திருக்கையைப் பச்சை குத்தியிருக்கும். செத்தால் இதுவாகத்தான் வருவேன், இல்லையென்றால் தப்பாகக் குத்திக்கொண்டேன் என்று அவளே கேலி செய்வாள். இறந்த அன்றிரவு ஒளிரும் கொம்புத் திருக்கையாகப் பேத்தியின் படகுக்கு அடியில் நீந்தி, பாறை தாண்டும்வரை வழி காட்டுகிறாள். மாவோரிகளின் நம்பிக்கையில் இறந்தவர்கள் நியூசிலாந்தின் வடகோடி முனையில் நிற்கும் ஒரு மரத்தின் வேர் வழியாகக் கடலில் இறங்கி, ஆதி ஊரான ஹவாயிக்கிக்குப் போவார்கள். ஆக, சாவும் ஒரு கடல் பயணம்.

பாறை தாண்டாதேன்னு சொல்ற அப்பா வில்லனா?

தூயி சின்ன வயதில் நண்பனோடு பாறை தாண்டினார், நண்பன் மூழ்கிவிட்டான். பயந்த அப்பா, அவ்வளவுதான்.

தடை என்பதே அந்த மக்களிடம் மூடத்தனம் அல்ல. ‘தபு’ என்பது புனிதமும் விலக்கும் சேர்ந்த ஒரு சொல். காப்புக் கட்டிய ஊரில் எல்லை தாண்டக் கூடாது என்போமே, கிட்டத்தட்ட அந்த வகை. 1777-ல் தொங்காவில் கேப்டன் குக் காதில் விழுந்து, ‘டாபு’ என்று ஆங்கிலத்துக்குப் போனது இந்தச் சொல்தான். மீன் குறைந்தால் ஒரு கடல் பகுதியைக் கொஞ்ச காலம் யாரும் தொடக்கூடாது என்று மூடும் ‘ராஹூயி’ வழக்கம் நியூசிலாந்திலும் குக் தீவுகளிலும் இன்றும் இருக்கிறது. தூயியின் தடையில் எனக்கிருக்கும் குறை வேறு: ராஹூயியைத் திறக்க ஒரு நாள் வரும், தூயியின் தடைக்கு அப்படி ஒரு நாளே இல்லை.

மாவுயி உடம்பு பூரா பச்சை குத்தியிருக்கான். அதுக்கு என்ன அர்த்தம்?

ஆங்கிலத்தில் ‘டாட்டூ’ என்ற சொல்லே பாலினீசிய ‘தாத்தாவு’விலிருந்து போனது. சமோவாவில் ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால்வரை குத்துவது ‘பெஆ’, பெண்களுக்குத் தொடையில் குத்துவது ‘மாலு’. எலும்புச் சீப்பைத் தோலில் வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டிக் குத்துவார்கள், பல நாள் வேலை. வலி தாங்காமல் பாதியில் எழுந்துவிட்டால் அது குடும்பத்துக்கே தலைகுனிவு. படத்தின் தொடக்கத்தில் ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க, மோவானா பக்கத்தில் இருந்து தேற்றும் காட்சி சும்மா வைத்ததல்ல.

மாவுயிக்குக் குரல் கொடுத்த டுவைன் ஜான்சனின் தாய்வழித் தாத்தா பீட்டர் மாய்வியா சமோவா மல்யுத்த வீரர், பெஆ குத்தியவர். மாவுயியின் நெஞ்சில் ஓடி ஆடும் குட்டி மாவுயியை மட்டும் கணினியில் செய்யாமல் கையால் வரைந்திருக்கிறார்கள். அவன் மாவுயியின் மனசாட்சி. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இவன் பொய் சொல்கிறான் என்று பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

எங்கள் மாடியில் இந்தக் கேள்வி வந்த அன்று மூன்று பாட்டிகள் புடவைத் தலைப்பை ஒதுக்கித் தங்கள் முன்கையைக் காட்டினார்கள். புள்ளிக் கோலம், அண்ணன் பேர், இன்னொன்று மங்கிப்போய் என்னவென்றே தெரியவில்லை.

‘மனா’ன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது சக்தியா?

சக்தி, மதிப்பு, அருள், அதிகாரம் எல்லாம் கலந்தது. தலைவருக்கு இருக்கும், கல்லுக்கும் இருக்கும், சொல்லுக்கும் இருக்கும். நல்ல செயலால் கூடும், கேவலமான செயலால் குறையும். ஆரம்ப வரைபடங்களில் மாவுயி மொட்டைத் தலையோடு இருந்தான். தஹிதியிலிருந்து ஆலோசனை சொன்னவர்கள், அவனுடைய மனா முடியில்தானே இருக்கிறது என்று மறுத்தார்கள். அதனால்தான் அந்தச் சுருட்டை முடிக் காடு. மோவானா கோபத்தில் தேங்காயைத் தூக்கி எறிகிற ஒரு காட்சியும் இப்படித்தான் போனது. உயிர் கொடுக்கும் மரத்தின் காயை எறிய மாட்டோம் என்றார்கள்.

கடைசியில அரக்கிகிட்ட போய் நெத்தியில நெத்தி வெக்கிறாளே, அது முத்தமா?

மாவோரியில் ‘ஹொங்கி’, ஹவாயில் ‘ஹொனி’. மூக்கும் நெற்றியும் ஒட்ட, இருவரும் ஒரே மூச்சை இழுத்துக்கொள்வது. விருந்தினர் இப்படி மூச்சைப் பகிர்ந்துகொண்டால் அதற்குப் பிறகு அவர் அந்நியர் இல்லை. வானத்தை மேலே தள்ளிய அந்தத் ‘தானே’தான் மண்ணால் முதல் பெண்ணைச் செய்து அவள் மூக்கில் ஊதித்தான் உயிர் கொடுத்தான். ஹொங்கி அதன் நினைவு என்பார்கள்.

அந்தக் காட்சியைச் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். எரிந்துகொண்டே ஊர்ந்து வருபவளை நோக்கி மோவானா ஓடவில்லை, நடக்கிறாள். கடல் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. நெருப்பு கன்னத்துக்குக் கிட்டே வந்த பிறகும் கண்ணை மூடி நெற்றியை வைக்கிறாள். அதற்குப் பிறகுதான் இதயம் நெஞ்சிலிருக்கும் சுருளுக்குள் போகிறது. முதலில் மூச்சு, பிறகுதான் கல்.

கையை நீட்டி நட்சத்திரத்தை அளக்கிறதெல்லாம் சினிமாதானே?

இல்லை. கையை நீட்டி, அடிவானத்திலிருந்து நட்சத்திரம் எத்தனை விரல் உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து, எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பது உண்மையான வித்தை. அதோடு அலை. தூரத்துப் புயல்கள் அனுப்பும் நீண்ட அலைகள் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்பதைப் படகில் படுத்தபடி முதுகாலேயே உணர்வார்கள். மாலையில் வெள்ளை ஆலாக்கள் கூட்டுக்குத் திரும்பும் திசையில் நிலம் இருக்கும். மேகத்தின் அடிவயிறு இளம்பச்சையாக இருந்தால் கீழே ஆழமில்லாத பவளக்குளம்.

இவர்கள் காற்றில் அடித்துக்கொண்டு தற்செயலாகத் தீவுகளில் ஒதுங்கியவர்கள் என்று 1950-களில் எழுதியவர்கள் உண்டு. அதற்குப் பதில் சொல்ல ஹவாயில் பழைய முறைப்படி ஒரு இரட்டைப் படகு கட்டினார்கள். பெயர் ஹோகுலேயா. அது ஒரு நட்சத்திரத்தின் பெயர், நம்முடைய சுவாதி. ஹவாயில் வழிகாட்டும் கலை அற்றுப்போயிருந்ததால் மைக்ரோனீசியாவின் சட்டவால் தீவிலிருந்து மாவு பியாய்லுக் என்பவரைக் கூப்பிட்டார்கள். 1976-ல் அவர் ஒரு கருவியும் இல்லாமல் சுமார் 4,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தஹிதிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கற்றுக்கொண்ட நைனோவா தாம்ஸன் 1980-ல் தானே போய்த் திரும்பினார். என்னைக் கேட்டால் மோவானா கதையைவிட இதுதான் பெரிய கதை.

நெஜமாவே கடலுக்குப் போறதை ஒரு காலத்துல நிறுத்திட்டாங்களா?

ஆமாம், படத்தின் விதையே அதுதான். சுமார் 2,800 ஆண்டுகளுக்கு முன் சமோவா, தொங்கா வரை வந்துவிட்டார்கள். அதற்குக் கிழக்கே தஹிதி, ஹவாய், நியூசிலாந்துக்கெல்லாம் பரவியது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் அதை ஒட்டியும்தான். நடுவில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. எதிர்க்காற்று, அகன்ற கடல், அதைத் தாண்டுமளவுக்குப் படகு இல்லாமை என்று ஆய்வாளர்கள் பல காரணம் சொல்கிறார்கள். படம் அந்த இடைவெளியில் ஒரு திருட்டையும் பயந்த தலைவர்களையும் வைத்தது. பிறகு ஏன் கிளம்பினார்கள் என்பதற்கு ஒரு பெண்ணை வைத்தது.

பன்னியும் கோழியும் காமெடிக்குத்தானா?

பயணப் படகில் பன்றி, கோழி, நாய், சேம்பு, ஈரப்பலா எல்லாம் ஏற்றிக்கொண்டுதான் போனார்கள். புதுத் தீவில் குடியேற வேண்டுமே! ‘ஹேஹே’ என்றால் மாவோரியில் கோழி. அந்தச் சேவலுக்குக் கோழி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

‘கேட்டமரான்’ நம்ம கட்டுமரம்தானே? அப்போ நாமதானே அவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம்?

சொல் நம்முடையது, படகு அவர்களுடையது. நம் கட்டுமரம் மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது, உள்ளே குழிந்த கூடு கிடையாது. பாலினீசியப் படகு இரண்டு கூடுகளுக்கு நடுவே தளம் போட்டது. சோழமண்டலக் கரையில் நம் சொல்லைக் கேட்டுக்கொண்டு போன ஆங்கிலேயர்கள் பிற்பாடு அந்த இரட்டைப் படகுக்கும் அதையே ஒட்டிவிட்டார்கள். குமரிக்கண்டத்தை இங்கே இழுக்காதீர்கள் என்று மாடியிலேயே இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன்.

உண்மையான தொடர்பு வேண்டுமானால் இரண்டு இருக்கின்றன. 1836 வாக்கில் நியூசிலாந்தில் வில்லியம் கோலன்ஸோ என்ற மிஷனரி, மாவோரிப் பெண்கள் கிழங்கு வேகவைக்கும் வெண்கலப் பாத்திரம் ஒன்றைப் பார்த்தார். அது கவிழ்த்துப் போட்ட உடைந்த கப்பல் மணி. விளிம்பில் தமிழ் எழுத்து. முகைதீன் வக்குசு என்பவருடைய கப்பல் மணி என்று எழுதியிருக்கிறது. இப்போது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று ஃபிஜி. 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழர்கள் அங்கே போனார்கள். நாண்டி நகரத்து சிவசுப்பிரமணியர் கோயில் அவர்கள் வழி வந்தது.

அந்த ஊர்க்காரங்களுக்கே படம் பிடிச்சுதா?

பிடித்தவர்களும் உண்டு, கோபப்பட்டவர்களும் உண்டு. மோவானாவுக்குக் குரல் கொடுத்த ஆவுலியி கிராவல்யோ ஹவாய்ப் பழங்குடி வழி வந்த பெண். 2017-ல் மாவோரி மொழியிலும் 2018-ல் ஹவாய் மொழியிலும் படம் வந்தது. அடக்கப்பட்டு, பள்ளிகளில் பேசினால் அடி விழுந்த மொழிகள் அவை. அந்த மொழிகளில் பிள்ளைகள் டிஸ்னி படம் பார்ப்பது சின்ன விஷயம் அல்ல.

குறைகளும் நியாயமானவை. மாவுயியை இப்படிக் கொழுத்த உருவமாக வரைந்தது நியூசிலாந்து எம்.பி. ஒருவருக்கே பிடிக்கவில்லை. 2016 செப்டம்பரில் பழுப்புத் தோலும் குத்திய பச்சையுமாகக் குழந்தைகள் உடம்போடு மாட்டிக்கொள்ளும் மாவுயி உடுப்பைக் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. எங்கள் தோல் மாறுவேஷம் இல்லை என்று எழுந்த எதிர்ப்பில் திரும்பப் பெற்றது. தொங்கா மானிடவியலாளர் தேவிதா காஇலி சொன்னது ஆழமான குறை: மரபுக் கதைகளில் மாவுயியோடு ஹினா என்ற பெண் தெய்வம் வருவாள், படத்தில் அவளைக் காணோம். தேங்காய்க் கொள்ளையர்களாக வரும் காகமோரா, சாலமன் தீவு நாட்டுப்புறக் கதைகளின் குள்ள மனிதர்கள். அவர்கள் பாலினீசியர்களே அல்ல. பத்துத் தீவின் ஓலையை வைத்து ஒரே பாய் முடைந்தால் இப்படித்தான் ஆகும்.

பாட்டெல்லாம் என்ன மொழி?

ஆங்கிலம் போக, சமோவா மொழியும் தோகெலாவு மொழியும். அவற்றைச் செய்த ஒபெதாயா ஃபொவாயி சமோவாவில் பிறந்தவர். தோகெலாவு மூன்றே பவளத் திட்டு, சுமார் 1,500 பேர்தான் வாழ்கிறார்கள். நம் ஊரில் ஒரு கல்யாண மண்டபக் கூட்டம்.

நம்ம சாமியை வெச்சு இப்படிக் கிண்டலா ஒரு கார்ட்டூன் எடுத்தா விடுவோமா?

விடமாட்டோம். ஆனால் மாவுயியைக் கிண்டல் செய்வது தப்பென்று அந்தத் தீவுக்காரர்கள் சொல்லவில்லை. அவனுடைய கதைகளே சிரிப்புக் கதைகள்தான், சாவு வந்ததுகூட ஒரு சிரிப்பால்தான். மேலே சொன்ன எதிர்ப்புகளைக் கவனியுங்கள். யார் கதையை யார் விற்பது, யாரை விட்டுவிடுவது என்பதுதான் அவர்கள் கோபம்.

உன் மனசு சொல்றதைக் கேளு, பெத்தவங்க சொல்றதைக் கேக்காதே. இதானே படத்தோட நீதி?

அமெரிக்கப் படங்கள் பலவற்றின் நீதி அதுதான், இதிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. ஆனால் மோவானா தனக்கென்று எதையும் தேடிப் போகவில்லை. ஊரில் தேங்காய் கருகியதால் போனாள். தோற்றுப்போய், இதயத்தைக் கடலிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்த இரவில் அவளை எழுப்பியது அவள் மனசு மட்டும் அல்ல. பாட்டி வந்தாள், பாட்டிக்குப் பின்னால் முன்னோர்களின் கப்பல்கள் வந்தன. இவர்கள் வழி வந்தவள் நான் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் நீரில் குதித்து இதயத்தை எடுத்தாள். மாவோரிகள் சபையில் எழுந்தால் முதலில் தன் மலை, தன் ஆறு, தன் மூதாதையர் வந்த படகு இவற்றைச் சொல்லி, கடைசியில்தான் தன் பெயரைச் சொல்வார்கள். நம் கிராமத்தில் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்ட பிறகுதானே பெயர் கேட்பார்கள்.

மாவோரியில் ‘முவா’ என்றால் முன்பக்கம். கடந்த காலத்துக்கும் அதே சொல். ‘முரி’ என்றால் முதுகுப்பக்கம்; வரப்போவதற்கும் அதே. போனதைக் கண்ணால் பார்க்க முடியும், வரப்போவது முதுகுக்குப் பின்னால், தெரியாது. படகில் துடுப்புப் போடுகிறவர் விட்டுவந்த கரையைப் பார்த்தபடி முதுகுப் பக்கமாகப் போவது போல. தமிழில் என்ன சொல்கிறோம்? முன்னோர், முன்பு, முன்னொரு காலத்தில். பின்னால் பார்ப்போம், பிற்பாடு வா. நாமும் அதே பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் எதிர்காலத்தைப் ‘பார்’ என்று சொல்லிச் சொல்லி மறக்கடித்துவிட்டார்கள்.

தீவின் உச்சியில் ஒவ்வொரு தலைவரும் ஒரு கல் அடுக்கும் காட்சி இருக்கிறது. கடைசியில் மோவானா அதன் மேல் ஒரு சங்கை வைக்கிறாள். அடுக்கைத் தட்டிவிடவில்லை.

தெ கா அரக்கி இல்லன்னா, தப்பு யார் மேல?

திருடியவன் மேல். மாவுயி, மனிதர்களுக்காகத்தான் எடுத்தேன் என்கிறான். பெற்றவர்கள் கடலில் வீசியெறிந்த பிள்ளை அவன், பாராட்டு வாங்கியே பழகியவன். அது காரணம், மன்னிப்பு இல்லை. படத்தில் எனக்குப் பிடித்தது, தெ ஃபிட்டி பழைய உருவத்துக்குத் திரும்பியதும் அவன் மன்னிப்புக் கேட்கிறான், வாய்க்குள் முனகியாவது. கண்ணகி கதை தெரிந்த பிள்ளை ஒருத்தி, மதுரையை எரித்ததும் இதே மாதிரிதானே என்று கேட்டாள். நியாயம் கேட்டு எரிந்தவள் கண்ணகி, பறிகொடுத்துவிட்டுத் தான் யாரென்பதே மறந்து எரிந்தவள் தெ கா என்று சொல்லிப் பார்த்தேன். ‘ரெண்டு பேர்கிட்டயும் எடுத்தது யாரு?’ என்றாள். பாண்டியனையும் மாவுயியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் யோசித்ததே கிடையாது.

எங்க பொண்ணு, ஆயா எப்போ மீனா வருவாங்கன்னு கேக்குறா. என்ன சொல்றது?

போன ஆனி மாதம் ஒரு அம்மா கேட்டார். அந்தப் பிள்ளையின் ஆயா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. பொய் சொல்லவும் மனசில்லை, அதெல்லாம் படம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தாலா பாட்டிக்கு அவள் குத்தியிருந்த பச்சைதானே வந்தது, உங்க ஆயா என்ன பச்சை குத்தியிருந்தாங்க என்று பிள்ளையிடமே கேட்டேன்.

‘தேள்’ என்றாள்.

மணி ஒன்பதரை இருக்கும். தண்ணீர்த் தொட்டிக்குத் தென்பக்கம் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. புரொஜெக்டரை அணைத்துவிட்டு, கேட்டையிலிருந்து மூலம்வரை விரலால் வளைத்துக் காட்டினேன். கொடுக்கு எங்கே என்று கேட்டாள், அதையும் காட்டினேன்.